குளத்தங்கரையில் கார் நிறுத்தலாமா? – ஒரு நாஞ்சில்நாட்டு மனு சரித்திரம்

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு கட்டங்காப்பி போட்டு எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க. பாதியில எந்திரிச்சுப் போறவங்க போற வழியில ஒரு பின்னூட்டமாவது போட்டுட்டுப் போங்க :-)

எங்க வார்டுல ஏரியா சபைக் கூட்டம்னு நோட்டீஸ் ஒட்டியிருந்தாங்க. சரி, போய்த்தான் பார்ப்போமேன்னு போனேன். பள்ளிக்கூட வராந்தா, நாப்பது பிளாஸ்டிக் நாற்காலி, பாதி காலி. முதல்ல தெருவிளக்கு, அப்புறம் ஓடை, அப்புறம் நாய். (நாய் இல்லாத கூட்டம் தமிழ்நாட்டுல உண்டா என்ன?) அதுக்கப்புறம் தான் பார்க்கிங் வந்தது.

பிரச்சனை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ரோடு மாட்டுவண்டிக்குப் போட்டது. ரெண்டு பக்கமும் பைக், அதுக்கு மேல கார், நடுவுல மினிபஸ். ஆம்புலன்ஸ் வந்தா சாமி புறப்பாடு மாதிரி நின்னு நின்னுதான் போகும். கடைக்காரர் ஒருத்தர் எந்திரிச்சு ரொம்பத் தெளிவாப் பேசினார். "சந்திக்குப் பக்கத்துல குளம் கெடக்கு. தண்ணியக் காணோம், ஆகாயத்தாமரைதான் இருக்கு. பாதி ஏற்கெனவே தூந்து போச்சு. மிச்சத்தையும் மண்ணு போட்டு நெரத்தினா அம்பது கார் நிக்கும்."

கை தட்டினாங்க. உண்மையைச் சொல்லிடுறேன், நானும் ரெண்டு தட்டு தட்டினேன். ஏன்னா என் காரும் அந்தக் குளத்தங்கரையிலதான் நிக்குது, மூணு வருஷமா.

அப்போ பின்வரிசையில இருந்து ஒரு பாட்டா எந்திரிச்சார். வயசு எண்பதுக்கு மேல இருக்கும். "கொளத்த நெரத்திற்று, பொறவு மழவெள்ளம் எங்கடே போவும்? ஒன் வீட்டுக்கா?"

"பாட்டா, அதெல்லாம் கவுன்சிலர்ட்ட கேக்க வேண்டிய காரியமாக்கும்"னு யாரோ சொன்னாங்க.

"கேக்கத்தானடே வந்திருக்கேன். எங்க அப்பன் காலத்துல இதக் கேக்கணும்னா திருவனந்தபுரத்துக்கு எழுதணும். இப்பம் பள்ளிக்கூடத் திண்ணையில உக்காந்து கேக்கலாம். அதாலதான் வந்தேன்."

அந்த ஒரு வரி மண்டைக்குள்ள நின்னுட்டுது. நம்ம ஊர் ஜனங்க தெருவுக்கும் குளத்துக்கும் யாரிட்ட போய் நின்னாங்க, யாரையெல்லாம் நிக்க விட்டாங்க? படிச்சதையும் கேட்டதையும் சேர்த்து எழுதினதுதான் இந்தப் பதிவு.

மங்கலம் முதல் மணக்குடி வரை

நாஞ்சில்நாட்டுக்கு எல்லை சொல்லணும்னா பழைய ஓலைகள்ல 'மங்கலம் முதல் மணக்குடி வரை'ன்னு வரும். இதை பன்னிரண்டு பிடாகையாப் பிரிச்சிருந்தாங்க. பிடாகைன்னா சில ஊர்கள் சேர்ந்த ஒரு தொகுதி. அந்தந்தப் பிடாகைக்காரங்க கூடி முடிவெடுக்கிற கூட்டம்தான் நாட்டுக்கூட்டம். இந்த விவரங்கள் எல்லாம் நமக்குத் தெரிய வந்ததுக்கு அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகள் ஒரு முக்கியக் காரணம். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அதுகளப் படிச்சு வெளியே கொண்டு வந்தார். பின்னால அ.கா. பெருமாள் 'முதலியார் ஓலைகள்'னு புத்தகமாவே போட்டார். கவிமணியை நாம பாப்பா பாட்டு எழுதினவர்னு மட்டும் நினைச்சுக்கிட்டு இருக்கோம். மனுஷன் பெரிய கல்வெட்டு ஆராய்ச்சியாளர்.

18ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல இந்த நாட்டுக்கூட்டம் சும்மா ஊர்க்கதை பேசுற கூட்டமா இல்லை. ஒரு பக்கம் மதுரை நாயக்கர் படை வந்து கொள்ளையடிக்கும். இன்னொரு பக்கம் வேணாட்டு அதிகாரிகள் வரி கேட்பாங்க. காப்பாத்தவும் ஆளில்லை, வரி மட்டும் வேணும்னா எப்படி? ஜனங்க கூடினாங்க. அநியாய வரியைக் கொடுக்கிறதில்லைன்னு தீர்மானம் போட்டாங்க. அரசரோட ஆட்களையே எதிர்த்து நின்னாங்க. நம்ம ஊர் ஒத்துழையாமை இயக்கம் காந்திக்கு 200 வருஷம் முந்தினதுன்னு சொல்லி காலரைத் தூக்கி விட்டுக்கலாம்.

ஆனா அவசரப்பட வேண்டாம். அந்தக் கூட்டத்துல உக்காந்தவங்க நிலம் வச்சிருந்தவங்க. நாத்து நட்டவங்களுக்கு அங்க இடம் கிடையாது. குளம் வெட்டினவன் வேற, குளத்தைப் பத்திப் பேசினவன் வேற. இதை மறைச்சுட்டு 'அந்தக் காலத்துல எவ்வளவு ஜனநாயகம் பாத்தியா'ன்னு எழுதினா அது சரித்திரம் இல்லை, ஜாதி சங்க மலர்.

1729இல் பட்டத்துக்கு வந்த மார்த்தாண்ட வர்மா அதிகாரத்தை எல்லாம் ஒரே கைக்குள்ள கொண்டு வந்தார். நாட்டுக்கூட்டத்தோட பலம் அதோட கரைஞ்சு போச்சு. அதுக்கப்புறம் குடிகளுக்கு இருந்தது ஒரே வழி. மேலிடத்துக்கு மனு.

திவான் முன்னால் ஒரு நாற்காலி

1904இல் ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா ஸ்ரீமூலம் பிரஜா சபைன்னு ஒண்ணை ஆரம்பிச்சார். அப்போ திவான் வி.பி. மாதவ ராவ். தாலுகா தாலுகாவா ஆட்கள் திருவனந்தபுரத்துக்குப் போய், வி.ஜே.டி. ஹால்ல திவான் முன்னால தங்க ஊர்க் குறைகளைச் சொல்லலாம். சட்டம் போடுற அதிகாரம் எல்லாம் கிடையாது (அதுக்கு 1888லயே தனியா ஒரு சபை இருந்தது). இங்க சொல்லலாம், திவான் பதில் சொல்லுவார். அவ்வளவுதான். ரோடு, கால்வாய், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, குளத்து மராமத்து இத்யாதி இத்யாதி. நம்ம ஏரியா சபையோட பெரியப்பான்னு வச்சுக்கோங்களேன்.

1905லேர்ந்து தேர்தல் வந்தது. ஆனா ஓட்டு எல்லாருக்கும் இல்லை. வருஷத்துக்கு 50 ரூபாய்க்குக் குறையாம நிலவரி கட்டணும், இல்லேன்னா அதுக்குச் சமமா வேற ஏதாவது தகுதி வேணும். அந்தக் காலத்து 50 ரூபாய் வரின்னா எவ்வளவு வயல் இருக்கணும்னு யோசிச்சுப் பாருங்க. நாட்டுக்கூட்டத்துல இருந்த அதே திண்ணைதான். மேல கொஞ்சம் சிமெண்ட் பூசியிருந்தாங்க.

அதுல ஒரு விரிசல் விழுந்தது அய்யன்காளி உள்ளே வந்தப்பதான். தேர்தல்ல ஜெயிச்சு இல்லை, நியமன உறுப்பினரா வந்தார். 1912இல் அந்தச் சபையில அவர் கேட்டது நிலம். சர்க்கார் கையில சும்மா கிடந்த புதுவல் பூமியை, காலங்காலமா அடுத்தவன் வயல்ல உழைச்ச, ஒரு துண்டு நிலமும் சொந்தமா இல்லாத ஜனங்களுக்குப் பதிஞ்சு கொடுங்கன்னு கேட்டார். 'நிலப் பயன்பாடு, திட்டமிடல்'னு இன்னிக்கு நாம பெரிய வார்த்தையில பேசுறோம் இல்லையா? பொது நிலம் யாருக்குன்னு அவர் கேட்ட கேள்விக்கு முன்னால நம்ம பார்க்கிங் பிரச்சனை எல்லாம் தூசு. அந்த வி.ஜே.டி. ஹாலுக்கு 2019இல் அய்யன்காளி பெயரையே வச்சுட்டாங்க. மனு கொடுக்க வந்தவர் பேர்லயே கட்டிடம்!

தெரு யாருக்கு?

சுசீந்திரம் தேரோட்டம் பார்த்திருக்கீங்களா? மார்கழித் திருவிழா, ஒன்பதாம் நாள். அன்னிக்கு ஒரு நாள் அந்த ரதவீதியைப் பார்க்கணும். ஒரு பைக் இருக்காது, கடையோட இழுத்துக்கட்டின தட்டி இருக்காது. தேர் திரும்பணும்னா வீதி காலியா இருந்தே ஆகணும். நம்ம ஊர்த் தெருக்கள் பயந்து அடங்குற ஒரே டவுன் பிளானிங் ஆபீசர் தேர்தான்னு நான் சொல்லுவேன்.

ஆனா அதே வீதிகள்ல ஒரு காலத்துல வண்டி நிறுத்துறது பிரச்சனையே இல்லை. மனுஷன் நடக்கிறதுதான் பிரச்சனை. கோயிலைச் சுத்தின தெருக்கள்ல 'தாழ்ந்த' ஜாதின்னு ஒதுக்கப்பட்டவங்க நடக்கக் கூடாது. 1924-25இல் வைக்கம் போராட்டம் நடந்து முடிஞ்சதும் அந்தத் தீ இங்க வந்தது. 1926இல் சுசீந்திரம் சத்தியாகிரகம். முன்னால நின்னவர் கோட்டாறு டாக்டர் எம்.இ. நாயுடு, வைக்கத்துலயும் இருந்தவர். 1930இல் மறுபடியும் போராட்டம். 1936 நவம்பர் 12இல் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்து கோயிலே திறந்தது.

இதை ஏன் இங்க இழுக்கிறேன்னா, 'பொது வழி', 'பொதுக் குளம்'னு நாம வாய் நிறையச் சொல்றோமே, அந்தப் 'பொது'ங்கிற வார்த்தைக்கு நம்ம மாவட்டத்துல நூறு வயசுகூட முழுசா ஆகலை. அடி வாங்கி, ஜெயிலுக்குப் போய் வாங்கின வார்த்தை அது. அதுல போய் நான் என் காரை நிறுத்தி வச்சிருக்கேன்.

கமிட்டியும் புளியமரமும்

நகர நிர்வாகத்துக்கு வருவோம். 1894இல் திருவிதாங்கூர்ல அஞ்சு ஊருக்கு நகர அபிவிருத்திக் கமிட்டி வச்சாங்க. திருவனந்தபுரம், கொல்லம், ஆலப்புழை, கோட்டயம், அஞ்சாவதா நம்ம நாகர்கோவில். துப்புரவு, விளக்கு, ரோடு இதுதான் வேலை. அதுக்கு முந்தின வருஷம், 1893இல், மணிமேடை வந்தது. மகாராஜா பணமும் ஊர்க்காரங்க நன்கொடையும் சேர்ந்து எழும்பின மணிக்கூண்டு. 1920இல் கமிட்டி போய் முனிசிபாலிட்டி ஆச்சு. 2019இல் மாநகராட்சி. இப்போ 52 வார்டு.

முனிசிபாலிட்டி அரசியல் ஒரு ஊரை என்ன செய்யும்னு தெரிஞ்சுக்கணும்னா சுந்தர ராமசாமியோட 'ஒரு புளியமரத்தின் கதை' (1966) படிங்க. முதல் தடவை படிச்சப்போ ஒரு மரத்தோட கதைன்னுதான் நினைச்சேன். இப்போ எடுத்துப் பார்த்தா, முதல்ல நிரத்தப்படுறது மரத்தைச் சுத்தியிருந்த குளம். குளம் போனதும் ரோடு வருது, ரோட்டோட கடை வருது, கடையோட போட்டி வருது, போட்டியோட முனிசிபல் தேர்தல் வருது. கடைசியில மரம் சாகுது. நாவல்தான், ஆவணம் இல்லை. ஆனா குளம் போறதுல ஆரம்பிச்சு மரம் சாகிறதுல முடியுற அந்த வரிசையை நம்ம மாவட்டத்துல எந்தச் சந்தியிலயும் நின்னு பார்க்கலாம்.

கிராம சபை இல்லாத ஜனங்க

1954 ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்துலயும் புதுக்கடையிலயும் துப்பாக்கிச் சூடு. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் தமிழ்நாட்டோட சேர்ந்தது. திருவனந்தபுரத்துக்குப் போன மனு சென்னைக்குப் போக ஆரம்பிச்சது. தூரம் பல மடங்கு கூடிப் போச்சுங்கிறது வேற கதை.

இங்கதான் பல பேருக்குத் தெரியாத ஒரு விஷயம். நம்ம மாவட்டம் பார்க்க வாழைத்தோப்பும் தென்னந்தோப்புமா கிராமம் மாதிரி இருக்கும். ஆனா 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி இருக்கிற 18,70,374 பேர்ல 82 சதவீதத்துக்கு மேல 'நகரவாசிகள்'. சென்னைக்கு அடுத்த இடம்! காரணம் பேரூராட்சிகள். ரொம்ப காலம் 55 பேரூராட்சி இருந்தது. சிலதைச் சேர்த்ததுக்கு அப்புறம் 51. கிராம ஊராட்சி வெறும் 95.

இதுல என்னடா பிரச்சனைன்னு கேக்கலாம். 1994 ஊராட்சிகள் சட்டப்படி கிராம ஊராட்சியில இருக்கிறவனுக்குக் கிராம சபை உண்டு. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தின்னு எந்திரிச்சு நின்னு கணக்குக் கேக்கலாம். பேரூராட்சிக்காரனுக்கு அது கிடையாது. தோப்புக்குள்ள வீடு இருந்தும் அவன் 'டவுன்காரன்'. ஆக, நாட்டுக்கூட்டம் நடத்தின மண்ணுல பெரும்பாலான ஜனங்களுக்கு உள்ளூர்ல கூடிக் கேக்கச் சட்டப்படி ஒரு சபையே இல்லாம இருந்தது.

நகரங்களுக்கு வார்டு கமிட்டி, ஏரியா சபை வைக்கணும்னு 2010லயே சட்டத்துல சேர்த்தாங்க. விதிமுறை எழுத 2022 ஆச்சு. பன்னெண்டு வருஷம்! குறிஞ்சிப் பூ கணக்கு. கடைசியில 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்னிக்கு, தமிழ்நாட்டு நகரங்கள்ல முதல் தடவையா ஏரியா சபை கூடிச்சு. தேதியைக் கவனிச்சீங்களா? நம்ம மாவட்டம் தாய்த் தமிழகத்தோட சேர்ந்த அதே நவம்பர் 1.

குறை இல்லாம இல்லை. ஏரியா சபைப் பிரதிநிதியை நாம ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறது இல்லை, நியமனம்தான். ஆனா கூட்டத்துக்கு வர 50 ரூபாய் வரி கட்டியிருக்க வேண்டாம். அந்தப் பாட்டா வந்தார். பக்கத்துல மீன் விக்கிற அக்கா ஒருத்தங்க சட்டியை வாசல்ல வச்சுட்டு வந்து உக்காந்திருந்தாங்க. முன்னூறு வருஷத்துல இதுதான் நிஜமான மாற்றம்னு எனக்குப் படுது.

சரி, குளத்தை நெரத்தலாமா?

வீட்டுக்கு வந்து சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்த்தேன். குளம் குட்டைகள் எல்லாம் சமுதாயத்தோட சொத்து, பாதுகாக்கணும்னு 2001இல் ஹிஞ்ச் லால் திவாரி வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. நீர்நிலைப் புறம்போக்கு ஆக்கிரமிப்புகளை அகற்றணும்னு 2005இல் எல். கிருஷ்ணன் வழக்குல சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2007இல் குளங்கள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனா அது பொதுப்பணித் துறை கையில இருக்கிற குளங்களுக்கு. உள்ளாட்சி கையில இருக்கிற சின்னக் குளங்கள் அதுக்கு வெளியே. எங்க குளம் மாதிரி அனாதைகள்.

ஆனா 2011இல் ஜக்பால் சிங் தீர்ப்பு. பஞ்சாப்ல பாட்டியாலா பக்கத்துல ஒரு கிராமக் குளத்தை மண்ணு போட்டு மூடி வீடு கட்டிட்டாங்க. பணத்தை வாங்கிக்கிட்டு அந்த இடத்தை அவங்களுக்கே கொடுத்துடலாம்னு அதிகாரிகள் பார்த்தாங்க. உச்ச நீதிமன்றம் முடியாதுன்னுட்டுது. ஊர்ப் பொது நிலத்தைத் தனியாருக்கும் வியாபாரத்துக்கும் தாரை வார்க்கிற அரசாணை எல்லாம் சட்டவிரோதம்னும் சொல்லி, நாடு முழுக்க ஆக்கிரமிப்பை அகற்ற மாநிலங்கள் திட்டம் போடணும்னுட்டுது. 'ஏற்கெனவே தூந்து போச்சே'ங்கிற வாதம் அங்கேயே செத்துப் போச்சு.

சட்டத்தை விடுங்க. வயித்துக்கு வருவோம். நமக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ரெண்டு மழைத் தண்ணியையும் வாங்கி ஒண்ணுக்கொண்ணு கைமாத்தி விடுறதுக்குத்தான் குளத்துக்குக் கீழ குளம்னு கோத்து வச்சிருக்கான் நம்ம ஆளு. 1897இல் ஆரம்பிச்சு 1906இல் முடிஞ்ச பேச்சிப்பாறை அணைத் தண்ணியும் கால்வாய் வழியா வந்து குளத்துல தங்கித்தான் வயலுக்குப் போகும். நடுவுல ஒரு மணியைப் பிடுங்கினா மாலை முழுசும் உருண்டுடும். 2021 நவம்பர் மழையில நம்ம மாவட்டம் பட்ட பாடு மறந்து போச்சா? இன்னொரு பக்கம், சுசீந்திரம்-தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் 2022இல் ராம்சார் பட்டியல்ல ஏறிச்சு. உலகமே மதிக்கிற ஈரநிலம்னு அர்த்தம். ரெண்டுமே மனுஷன் வயலுக்காக வெட்டின குளம்தான். ஒரு ஊர்க் குளத்துக்கு உலகச் சான்றிதழ், அதே மாவட்டத்துல இன்னொரு ஊர்க் குளத்துக்கு ஒரு லாரி மண்ணு.

கடைசியா

நான் செஞ்சதைச் சொல்லி முடிச்சுக்கிறேன். 10 ரூபாய் கட்டி தகவல் உரிமைச் சட்டத்துல அ-பதிவேட்டு நகலும் புலப்படமும் கேட்டேன். வந்தது. 'குளம் புறம்போக்கு'ன்னு தெளிவா இருக்கு. பக்கத்து வீட்டுப் பையனைக் கூட்டிக்கிட்டு டேப்போட போய் அளந்தேன். ஏறக்குறைய மூணுல ஒரு பங்கைக் காணோம். அந்தக் காணாமப் போன இடத்துலதான் என் கார் நின்னுக்கிட்டு இருந்தது. அன்னிக்கே எடுத்துட்டேன். இப்போ கொஞ்சம் தள்ளி மாச வாடகைக்கு விடுறேன். தினம் ஏழு நிமிஷம் நடை. தொப்பைக்கு நல்லது.

அடுத்து மனு. வெறும் 'நெரத்தாதே'ன்னு மட்டும் எழுதினா கடைக்காரர் கஷ்டம் தீராதே. அவர் சொன்ன பிரச்சனை பொய் இல்லை. அதனால மூணு விஷயம் எழுதினோம். குளத்தை அளந்து எல்லைக்கல் நடணும். ரோட்டுல ஒரு நாள் இந்தப் பக்கம், மறுநாள் அந்தப் பக்கம்னு ஒருபக்க பார்க்கிங். சாயங்காலமும் லீவு நாள்லயும் சும்மா கிடக்கிற பொது மைதானத்துல வண்டி நிறுத்த அனுமதி. 43 கையெழுத்து. அதுல முதல்ல பேசின கடைக்காரர் கையெழுத்தும் இருக்கு. ஆனா மூணாவது கோரிக்கைக்கு மட்டும்தான் ஆதரவுன்னு பக்கத்துல எழுதிட்டுப் போட்டார். நேர்மையான மனுஷன்.

கவுன்சிலர் மன்றத்துல வைக்கிறேன்னு சொல்லியிருக்காங்க. என்ன ஆகும்னு தெரியலை. குளம் இன்னும் அங்கதான் இருக்கு, ஆகாயத்தாமரையோட.

பாட்டாட்ட கையெழுத்து வாங்கப் போனேன். கண்ணாடியைத் தேடி எடுத்து, முழுசும் படிச்சு, தமிழ்ல நிதானமா எழுதி, தேதியும் போட்டார். அப்புறம் கேட்டார்:

"மக்கா, இத வாங்கிக்கிட்டதுக்கு சீலு போட்டுத் தருவாவளாடே?"

"தருவாங்க பாட்டா."

"மறக்காம வாங்கிக்கோ. மனு குடுத்தவன் செத்துப் போவான். சீலு கெடக்கும்."

முதலியார் வீட்டு ஓலைகள் எப்படிப் பிழைச்சு நம்ம கைக்கு வந்ததுன்னு அப்பத்தான் புரிஞ்சது. யாரோ ஒருத்தர் எழுதினதைத் தூக்கிப் போடாம பத்திரமா வச்சிருக்காங்க. ஒப்புகைச் சீட்டை நானும் பிளாஸ்டிக் உறையில போட்டு பீரோவுல வச்சிருக்கேன்.

உங்க ஊர்ல குளத்து மேல என்ன நிக்குது? பஸ் ஸ்டாண்டா, ஸ்டேடியமா, கல்யாண மண்டபமா? பின்னூட்டத்துல சொல்லுங்க.

கொசுறு: அ-பதிவேட்டு நகலும் புலப்படமும் எல்லாரும் கேட்டு வாங்கலாம். வீட்டுப் பத்திரம் பார்க்கிற மாதிரி ஊர்க் குளத்துப் பத்திரத்தையும் ஒரு தடவை பார்த்து வைங்க.